மாட்டிவிட்டு வரச் சொன்னவர்களுக்கும், ஏன் மாட்டினீர்கள் என்று கேட்டவர்களுக்கும்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பினாங்கில் வாகனப் பரிசோதனையும் வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கான ஒப்புதலும் உங்கள் பொறுப்பில் இருப்பதால் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன். பழைய பிக்கப் வைத்துப் பிழைப்பவர்கள் உங்கள் கவுண்டர்களுக்கு எதற்காக வருகிறார்கள், எந்த முகத்தோடு திரும்பிப் போகிறார்கள் என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆகவே முன்கதையை நீட்டவில்லை.

சென்ற வாரம், பந்தல் குழாய் ஏற்ற இரும்புச் சட்டம் மாட்டிய என் பிக்கப் பரிசோதனையில் தேறவில்லை. கையில் கொடுத்த தாளில் இருந்த காரணம், ‘அனுமதியற்ற மாற்றம்’. எந்த மாற்றம், எந்த விதிப்படி அது அனுமதியற்றது, எப்படிச் செய்திருந்தால் அனுமதி கிடைத்திருக்கும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிக்கப்பில் எந்த மாற்றம் செய்யலாம், எது கூடாது என்பதை நாங்கள் காசு செலவழிப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். அது பினாங்குத் தீவிலும் எதிர்க்கரைப் பெருநிலத்திலும், எல்லாக் கவுண்டரிலும் ஒன்றாக இருக்கட்டும்.

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், பழைய வீகோ தலைமுறை, 2.5 லிட்டர் டீசல், இரட்டைக் கேபின். பந்தல், நாற்காலி, மேசை வாடகைத் தொழிலுக்காகப் பழையதாக வாங்கினேன். புதிய பிக்கப்பின் மாதத் தவணையைக் கட்டும் அளவுக்கு இந்தத் தொழிலில் வருமானம் இல்லை. பழையதை வாங்கி, கல்யாணச் சீசனில் டயர், தைப்பூசம் முடிந்ததும் ஸ்பிரிங் பட்டை, கையில் மிச்சம் இருந்தால் ஷாக் அப்சார்பர் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொள்வதுதான் எங்களைப் போன்றவர்களின் வழி. இதை ‘அலங்காரம்’ என்று உங்கள் அதிகாரி ஒருவர் சொன்னார். அலங்காரம் செய்யும் ஆசையும் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. இருக்கைகளுக்குப் புது உறை தைத்தேன், கதவில் கடையின் பெயரை எழுதினேன். ஆனால் செலவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

ஓர் உதாரணம். வாங்கும்போது பின்தொட்டியில் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு பொருத்தியிருந்தது. பார்க்கப் புதிது போலவே இருந்தது. முந்தைய உரிமையாளர் மீன் ஏற்றியிருக்க வேண்டும். வெயில் ஏறினால் வாடை வரும். திருகுகளைக் கழற்றி விரிப்பைத் தூக்கியபோது, அதற்கும் தகரத்துக்கும் நடுவே கறுப்புச் சேறாகத் தண்ணீர் நின்றது. பிளாஸ்டிக் ஆடி ஆடி உரசிய இடமெல்லாம் சாயம் போய், சக்கர வளைவின் மேல் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். அடியில் தரை தெரிந்தது. அந்தத் தகரத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துருத் தடுப்புச் சாயம் அடித்து முடிக்கவே ஒரு சீசன் வருமானம் போயிற்று. பிறகு டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்பு, முன்சக்கரங்களைத் தாங்கும் கைகளின் ரப்பர் புஷ், பின்சக்கர டிரம் பிரேக்கின் கட்டைகள். உங்கள் நிலையத்தின் உருளைகள் மேல் ஏற்றிப் பிரேக்கைச் சோதித்தீர்கள், தேறியது. புகையும் முன்விளக்கும் தேறின. வாகனத்தை உயர்த்தி அடிப்பாகத்தைப் பார்த்தவர் தலையசைத்தார். உயிரைக் காப்பவை எல்லாம் சரி. தேறாமல் போனது இரும்புச் சட்டம் ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் இம்மடல். பந்தல் குழாயின் நீளம் பன்னிரண்டு அடி. பின்தொட்டியின் நீளம் ஐந்தடி. தொட்டியில் படுக்க வைத்தால் குழாய் ஏழடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே தொட்டியின் விளிம்பில் நிற்கும்படி, கேபின் கூரைக்கு ஒரு சாண் மேலே, குழாய்களைத் தாங்க ஒரு சட்டம் செய்தேன். வாகனத்தின் உடலில் எங்கும் வெல்டிங் கிடையாது. எல்லாம் நட்டு போல்ட்டு. தொட்டி விளிம்பில் சட்டத்தின் கால் உட்காரும் இடத்தில் தடித்த ரப்பர். முனைகளை மூடி, விளிம்புகளை ராவி, கையால் தடவிப் பார்த்தால் கீறாத அளவுக்குச் செய்து கொடுத்தார், பெருநிலத்தில் பிறை என்ற ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்.

செய்வதற்கு முன்பே அனுமதி கேட்டேன். வரைபடம், அளவுகள், என்ன இரும்பு, எத்தனை போல்ட்டு என்று எழுதிக்கொண்டு போய்க் கவுண்டரில் நின்றேன். "படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மாட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். சரி என்று மாட்டிக்கொண்டு போனேன். வேறு அதிகாரி வந்தார். "அனுமதி வாங்காமல் எதற்கு மாட்டினீர்கள்?" என்றார். முன்பு இதே இடத்தில் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "யார் சொன்னது? எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஐயா. அதைத்தான் நானும் உங்களிடம் கேட்கிறேன்: எழுத்தில் இருக்கிறதா?

சட்டத்தை அங்கேயே கழற்றினால் அன்றே மறுபரிசோதனை செய்யலாம் என்றார்கள். நிழலே இல்லாத வாகன நிறுத்துமிடத்தில், உச்சி வெயிலில், வண்டிக் கருவிப்பெட்டியில் இருந்த ஒரே ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். கடற்காற்று பட்ட போல்ட்டு சும்மா கழலுமா? இரண்டு இடத்தில் தலை மழுங்கிவிட்டது. பக்கத்தில் லோரி ஓட்டி வந்த ஒரு சீனப் பெரியவர் தம்முடைய சுத்தியலையும் உளியையும் கொடுத்து, சட்டம் சாயாமல் பிடித்துக்கொண்டார். இரும்பு சூடேறியிருந்ததால் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூக்க முடிந்தது. தூக்கி எங்கே வைப்பது? அந்தப் பின்தொட்டியிலேயே வைக்கக்கூடாதாம். சுமையோடு பரிசோதனை இல்லையாம். வேலியோரமாகச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனேன். தேறிவிட்டது!

வெளியே வந்தபோது உங்கள் இளம் அதிகாரி ஒருவர், நல்ல பிள்ளை, அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாஸ், வெளியே போய்த் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்."

கோபம் எனக்கு அப்போதுதான் வந்தது. அதுவரை களைப்பு மட்டுமே இருந்தது. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும் என்றால், இந்தப் பரிசோதனை யாருக்காக? கழற்றிக் காட்டுவது, தேறுவது, வெளியே போய் மாட்டுவது, அடுத்த தடவை மறுபடியும் கழற்றுவது. செக்குமாடாவது சுற்றி முடித்தால் எண்ணெய் வருகிறது. மாட்டுவது ஆபத்து என்றால் திரும்ப மாட்டச் சொல்லக்கூடாது. ஆபத்தில்லை என்றால் கழற்றச் சொல்லியிருக்கக்கூடாது.

நான் திரும்ப மாட்டவில்லை. அதனால் நேர்ந்ததையும் கேளுங்கள். அன்று மாலையே ஒரு வீட்டுப் பந்தலுக்குக் குழாய் ஏற்ற வேண்டியிருந்தது. உங்கள் கணக்கில் இப்போது ‘சரியான’ வாகனம் அது. குழாய்கள் பின்னால் ஏழடி நீண்டு, முனையில் சிவப்புத் துணி கட்டி, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் போனோம். மோட்டார் சைக்கிளில் வருபவர்களின் முக மட்டத்துக்கு நேராக அந்த முனைகள் ஆடிக்கொண்டிருந்தன. என் உதவியாளர் வழி நெடுகப் பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். சட்டம் இருந்திருந்தால் குழாய்கள் தலைக்கு மேலே, கயிற்றுக்கட்டில், அசையாமல் வந்திருக்கும். எது பாதுகாப்பு என்பதை நீங்களே சொல்லுங்கள். வாயால் வேண்டாம், எழுத்தில்.

எழுத்தில் கொடுப்பது உங்களுக்குத் தெரியாத வேலையும் அல்ல. கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியில் 70 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும், முன்பக்கக் கதவுகளில் 50 விழுக்காடு, பின்புறத்துக்கு 2019 மே மாதம் முதல் வரம்பில்லை. எண் தெளிவாக இருப்பதால், ஒட்டும் கடைக்காரரே கருவியை வைத்து அளந்து காட்டிவிடுகிறார். அங்கே சண்டைக்கு இடமில்லை. டயருக்கு மட்டும் ஏன் அந்தத் தெளிவு கவுண்டரில் கிடைப்பதில்லை? என் வாகனத்துக்கு முதலில் இருந்தது 255/70 ஆர் 15. நான் மாற்றியது 265/70 ஆர் 16. அதே ஹைலக்ஸின் உயர்ந்த வகைகளில் வரும் அளவு. சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு கூடுகிறது. வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 105 ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும், அதைக் கணக்கில் வைத்துத்தான் ஓட்டுகிறேன். ஒரு கவுண்டரில் "அதே மாடல்தானே, பரவாயில்லை" என்றார்கள். இன்னொன்றில் "வந்த அளவுக்கே மாற்றுங்கள்" என்றார்கள். இத்தனை விழுக்காடு வரை கூடலாம் என்று ஓர் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டினால் டயர்க் கடையிலேயே விஷயம் முடிந்துவிடும். அந்த எண் எனக்கு எதிராக இருந்தாலும் பழைய அளவுக்கே மாற்றிக்கொள்கிறேன்.

விற்பனைக் கூடத்திலிருந்து புதிதாக இறங்கும் பிக்கப்புகளைப் பாருங்கள். பின்தொட்டியில் பளபளக்கும் வளைவுக் கம்பி, பெரிய ரிம், சக்கரத்துக்கு மேல் அகன்ற பிளாஸ்டிக் வளைவு, ‘சிறப்புப் பதிப்பு’ என்று பெயர். அவை சோதித்து ஒப்புதல் பெற்றவை என்பது சரி. ஆனால் அதே கம்பியை அதே கம்பெனியிலிருந்து நான் வாங்கிப் பழைய வாகனத்தில் மாட்டினால் அது ஏன் உடனே சந்தேகத்துக்குரிய பொருளாகிறது? காசுள்ளவன் ஒரே நாளில் வாங்குவது ‘பதிப்பு’, இல்லாதவன் மூன்று சீசனில் சேர்ப்பது ‘அனுமதியற்ற மாற்றம்’. எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் வெள்ளை விளக்குகளோ இரவில் பாயான் லெப்பாஸ் போகும் நெடுஞ்சாலை முழுக்கச் சுதந்திரமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த விளக்குகளைப் பொருத்தியவர்களை நீங்கள் பிடித்தால் நானே வந்து கைதட்டுவேன். ஆனால் பிடிபடுவது, பகலில், பரிசோதனைக்குத் தானாகவே வந்து நிற்பவன்தான்.

டீசலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி விடிந்தபோது தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட் ஆகியிருந்தது. வாடகைக்கு நாற்காலி எடுப்பவர்களிடம் அதைச் சொல்லி விலையேற்ற முடியுமா? முடியவில்லை. தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவித்தார்கள், அதற்கு நன்றி. அந்த உதவித்தொகைக்கு யார் தகுதி, யார் தகுதியில்லை, என்ன ஆவணம் வேண்டும் என்று வரிசையாக எழுதி வெளியிட்டார்கள். மனம் வைத்தால் அரசாங்கத்துக்கு எழுத வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மன்னிக்கவும், டீசல் உங்கள் இலாகாவின் விவகாரம் அல்ல. என் விவகாரத்துக்கே திரும்புகிறேன்.

பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். எந்த மாற்றத்துக்கு அனுமதி தேவையில்லை, எதற்குத் தேவை, எது எந்த நிலையிலும் கூடாது என்பதை அளவுகளோடு எழுதி, எல்லா நிலையங்களிலும் ஒட்டுங்கள். மலாயில் இருந்தால் போதும். தமிழிலும் சீனத்திலும் இருந்தால் பட்டறைக்காரர்களுக்கு உதவியாக இருக்கும். வரைபடத்தோடு வருபவரிடம் ‘மாட்டிக்கொண்டு வா’ என்று சொல்லாமல், வரைபடத்தைப் பார்த்து முத்திரை குத்துங்கள், அல்லது காரணம் எழுதித் திருப்பிக் கொடுங்கள். தேறாத வாகனத்துக்குக் கொடுக்கும் தாளில் எந்தப் பாகம், எந்த விதி என்று குறிப்பிடுங்கள். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டின் வாகன விதிகளும் புத்தகமாக இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பந்தல் போடுகிறவனும் வெல்டிங் வைக்கிறவனும் அதைப் படித்துப் பொருள் சொல்ல முடியாது. அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுபவர்கள் இப்போதே முன்பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வேலை தொடங்குவதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன். கழற்றிய இரும்புச் சட்டம் என் கடையில்தான் இருக்கிறது, மழுங்கிய போல்ட்டுகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்கி வைத்துவிட்டேன். நீங்கள் சொல்லும் நாளில், சொல்லும் நிலையத்துக்குக் கொண்டு வருகிறேன். மாட்டிக்கொண்டு வர வேண்டுமா, மாட்டாமல் கொண்டு வர வேண்டுமா என்பதை மட்டும் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
பினாங்குத் தீவின் பந்தல் தொழிலாளி ஒருவன்