ஒரு வேதிப்பொருளை அளந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சீன மருந்துக்கடையில் இருமல் பாகு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் சிங்கப்பூரில் ஏராளம். பத்துப் பன்னிரண்டு மூலிகை சேரும் அத்தகைய மருந்துகளில் ஒரேயொரு வேதிப்பொருளை அளந்து தரம் சொல்வது ஏமாற்று வேலைக்கு வழிவிடும்.

சீன மருந்தில் சேரும் ஹுவாங் லியான் என்ற மூலிகைக் கிழங்கைப் பாருங்கள். அதிலுள்ள பெர்பெரின் என்ற வேதிப்பொருளின் அளவை மட்டும் சோதித்தால், விலை மலிவான ஹுவாங் பாய் மரப்பட்டைத் தூளைக் கலந்தாலும் தேறிவிடும். அதிலும் பெர்பெரின் உண்டு. ஹுவாங் லியானில் உள்ள காப்டிசின், எபிபெர்பெரின் ஆகிய மற்ற வேதிப்பொருள்களும் உரிய விகிதத்தில் தெரிகின்றனவா என்று, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் நிறப்பகுப்பு வரைபடம் முழுவதையும் ஒப்பிட வேண்டும். இன்னொரு சிக்கல்: அதிமதுரத்தோடு கொதிக்கவைத்தால் பெர்பெரினில் ஒரு பகுதி வீழ்படிவாகிவிடும். வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் சோதித்தால் கணக்கு குறைவாகவே வரும்.

ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்று சேரும் ஆள்மாறாட்டம் இதைவிட ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஃபாங் ஜி என்ற மூலிகைக்குப் பதில் குவாங் ஃபாங் ஜி என்ற வேறொரு மூலிகை சேர்ந்ததால் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம், குவாங் ஃபாங் ஜியில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நச்சுப்பொருள். ஈயம், பாதரசம் பார்க்கும் சோதனையில் இது சிக்காது. அரைத்துக் கலந்தபின் எது எந்த வேர் என்று பிரிப்பதும் குதிரைக்கொம்புதான். ஆகவே ஒவ்வொரு மூலிகையையும் முழுதாக இருக்கும்போதே, தொகுதி (batch) வாரியாகச் சோதித்து, மாதிரியை எடுத்துவைப்பதைத் தயாரிப்பாளர்களிடம் கட்டாயமாக்க வேண்டும். வாங்குவோரும் தொகுதி எண் உள்ள பெட்டியை மருந்து தீரும்வரை வைத்திருக்கலாம்.

வாசகர்கள் இருவர்,
தோ பாயோ