மணல் மூடிய வயல்களை மீட்க உதவி கோரும் மனு

அனுப்புநர்
தென்பெண்ணைக் கரையோரக் கிராமத்தின் சிறு, குறு விவசாயிகள்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் விளைநிலங்களில் படிந்த மணலை அகற்ற உதவித்தொகையும் அனுமதியும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணையாறு கரை புரண்டு எங்கள் வயல்களுக்குள் பாய்ந்தது. கதிர் வாங்கும் பருவத்தில் இருந்த சம்பா முழுவதும் போயிற்று. அதற்கு அரசு அறிவித்த ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் எங்களில் பலருடைய வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. நன்றியோடு பெற்றுக்கொண்டோம்.

பயிர் மட்டும் போயிருந்தால் மறுபடி நாற்று விட்டிருப்போம். வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், வயல் இருந்த இடத்தில் ஆறு கிடந்தது. ஆற்றை ஒட்டிய வயல்களில் முழங்கால் அளவுக்கு மணல். வரப்பு தெரியவில்லை, வாய்க்கால் தெரியவில்லை, எல்லைக் கற்களும் புதைந்துவிட்டன. எது யாருடைய நிலம் என்று அண்ணன் தம்பிகளே அடையாளம் சொல்ல முடியாமல் நின்றோம். மழை பெய்தாலும் நீர் நிற்காத அந்த மணலில் எதை நடுவது?

விளைநிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால், அதை அகற்ற சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் தர மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் இடமிருக்கிறது. பயிர் நிவாரணம் வேறு, இது வேறு. ஆனால் கணக்கெடுக்க வந்தவர்கள் பயிர்ச் சேதத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள். மணலின் கனத்தை யாரும் அளக்கவில்லை. ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 7,300 ரூபாய்தான் வரும். ஜேசிபி வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கும்போது அந்தத் தொகை ஏழு மணி நேர வேலைக்கு மேல் காணாது. ஆனாலும் வேலையைத் தொடங்க அதுதான் வழி. கையில் இருந்ததெல்லாம் சம்பாவோடு போய்விட்டது.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. வயலில் அள்ளிய மணலை டிராக்டரில் ஏற்றினால் மணல் கடத்தல் வழக்காகிவிடும் என்ற அச்சத்தில் வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். வயலின் ஒரு மூலையில் குவித்தாலோ அடுத்த வெள்ளம் அதைத் திரும்பவும் பரப்பிவிடும். அந்த மணலை விற்க நாங்கள் கேட்கவில்லை. உடைந்த கரையைப் பலப்படுத்த அது பயன்படட்டும்.

ஆகவே வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கூட்டாகப் புல ஆய்வு செய்து, சர்வே எண் வாரியாக மணலின் கனத்தை அளந்து சான்றளிக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மணலைக் கரைக்குக் கொண்டுசெல்லக் கனிமவளத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும், எல்லைகளை மீட்க நில அளவையரும் தேவை. குத்தகைக்கு உழுபவர்களும் எங்களுள் இருக்கிறார்கள். பட்டா அவர்கள் பெயரில் இல்லை என்றாலும் மணலை வாரப்போவது அவர்கள்தான். தொகை அவர்கள் கைக்குச் சேர வழி செய்ய வேண்டும்.

ஆடிப் பட்டத்துக்குள் இது நடந்தால் இந்த ஆண்டாவது விதைப்போம். அளவெடுக்க வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், சிட்டா, அடங்கல் நகல்களோடு அவரவர் வயலில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள விவசாயிகள்