ரியோவா, சாவோ பாலோவா? மகளுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணு,

பிரேசிலில் சாவோ பாலோவின் புட்டான்டான், ரியோவின் ஃபியோக்ரூஸ் என்று இரண்டு ஆராய்ச்சி நிலையங்களிலிருந்தும் ஒரே வாரத்தில் வேலைக் கடிதம் வந்துவிட்டது என்று நீ ஹைதராபாத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பா யோசிக்காமல் ரியோ என்றார். நீயும் அந்தப் பக்கம்தான் சாய்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. போனில் நான் ஏதாவது சொன்னால் "பார்த்துக்கறேன்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். 15ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, அதற்கு முன் ஒரு தடவையாவது இதை முழுசாகப் படித்துவிடு.

வேலையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. தடுப்பூசி ஆராய்ச்சிக்கு எந்த இடம் மேல் என்று உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த வரை இரண்டும் அக்கா தங்கை. 1899இல் சாந்தோஸ் துறைமுகத்தில் பிளேக் வந்தது. வெளிநாட்டிலிருந்து சீரம் வரட்டும் என்று காத்திருந்தால் ஜனம் பிழைக்காது என்று ரியோவில் மாங்கின்யோஸ் பண்ணையில் ஒன்றும், சாவோ பாலோவில் புட்டான்டான் பண்ணையில் ஒன்றுமாக ஆரம்பித்தார்கள். ரியோவில் ஓஸ்வால்டோ க்ரூஸ், சாவோ பாலோவில் வித்தால் பிரேசில் என்று இரண்டு டாக்டர்கள். நோயைப் பார்க்க சாந்தோஸ் போன வித்தால் பிரேசிலுக்கே பிளேக் வந்து, எப்படியோ பிழைத்து எழுந்தார்.

இதெல்லாம் எனக்கு உன்னால்தான் தெரியும். சாவோ பாலோவில் இருந்தபோது புட்டான்டான் தோட்டத்துக்கு மாதம் ஒரு தடவையாவது உன்னைக் கூட்டிப்போவேன். பாம்புகள் கிடக்கும் பள்ளத்தைச் சுற்றிக் குட்டைச் சுவர் இருக்கும். தூக்கிக் காட்டச் சொல்லி அழுவாய். ஜரராக்கா, ஜரராக்கா என்று அங்கே பார்த்த விஷப்பாம்பின் பெயரையே பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவாய். அந்த இடத்திலிருந்து இன்றைக்கு உன் பெயர் போட்டுக் கடிதம் வருகிறது. நினைத்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

உனக்கு அது ஞாபகம் இருக்காது, அதுதான் விஷயம். 1999இல் நாம் சாவோ பாலோவில் இறங்கியபோது உனக்கு 3 வயசு. ரியோவுக்கு மாறியபோது 7. ஊருக்குத் திரும்பும்போது 11. அதனால் உன் மனசில் பிரேசில் என்றாலே ரியோதான். ஃப்ளமெங்கோ கடற்கரை, தோளில் இரண்டு தகர டின்களைத் தொங்கவிட்டுக்கொண்டு மாச்சி என்ற ஐஸ் டீ விற்பவர், காற்றைப் போல் கரையும் அந்த வளைய பிஸ்கட், எதிரே சர்க்கரைக்கட்டி மலைக்கு ஏறும் கம்பி வண்டி. எல்லாம் நிஜம்தான். அந்த ஊர் அழகு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் அது உன்னை ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போன ஊர். இந்தத் தடவை நீ தனியாக, தினமும் காலை 7 மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பப்போகிறாய். இரண்டு ஊரிலும் குடும்பம் நடத்தியவள் நான். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நான் சாவோ பாலோ என்கிறேன்.

காரணத்தை அடுப்படியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கே ரியோதான் ஜெயிக்கும். சாவோ பாலோ கடல் மட்டத்திலிருந்து 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் ராத்திரி 12 டிகிரிக்கு இறங்கிவிடும். வீடுகளில் ஹீட்டர் கிடையாது. இட்லி மாவைக் கரைத்துவைத்தால் மறுநாள் மத்தியானம் வரை அப்படியே கல் மாதிரி கிடக்கும். உன் கம்பளியைச் சுற்றி, அணைத்துவைத்த ஓவன் அடுப்புக்குள் ஒரு சட்டி வெந்நீருக்குப் பக்கத்தில் வைத்து மூடுவேன். ரியோவில் ராத்திரி கரைத்தது விடிவதற்குள் பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடும். ஜனவரியில் 40 டிகிரி அடிக்கும் ஊர் அது. ஃபிரிட்ஜில் வைத்தால்கூடப் புளிக்கும்.

மற்றபடி சாப்பாட்டுக்கு சாவோ பாலோவில் குறையே இல்லை. வாரம் ஒரு நாள் தெருவையே மறித்து ஃபெய்ரா என்ற சந்தை போடுவார்கள். காய்கறி வாங்கிக்கொண்டு, கடைசியில் கரும்புச்சாறும் பனீர் மாதிரி சீஸ் வைத்துப் பொரித்த பஸ்டெலும் வாங்கித் தந்தால்தான் நீ வீட்டுக்கு வருவாய். பச்சைப்பயறுக்கு லிபர்டாஜி போவேன். 1908இல் முதல் கப்பலில் வந்த ஜப்பான்காரர்களின் வம்சம் கடை வைத்திருக்கும் இடம். அவர்கள் முளைகட்டுவதற்காக விற்பார்கள், நான் பொங்கலுக்கு வாங்குவேன். மரவள்ளிக்கிழங்கு இரண்டு ஊரிலும் மலிவு. ஆனால் சாவோ பாலோவில் மன்ஜியோகா, ரியோவில் ஐப்பிங். பிஸ்கட்டை சாவோ பாலோவில் போலாஷா என்பார்கள், ரியோவில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ரியோ பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் நீ போலாஷா என்று சொல்லிப் பிள்ளைகள் கேலி செய்து அழுதுகொண்டு வந்தாய். ஒரே மாதத்தில் எல்லா ஸகரத்தையும் ஷகரமாக்கிக்கொண்டு கரியோகா, அதாவது ரியோக்காரி, ஆகிவிட்டாய். சாவோ பாலோ போனால் அந்தப் பேச்சை வைத்தே உன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காக மாற்றிக்கொள்ளாதே, கேட்க நன்றாக இருக்கும்.

இனி உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. ரியோவில் நாம் குடிபோன அன்றே நம் கட்டடத்து போர்டெய்ரோ, வாசல் காவல்காரர், என் கழுத்தைப் பார்த்து, "டோனா, இதைக் கழற்றி உள்ளே வையுங்கள்" என்றார். தாலிக்கொடியை எப்படிக் கழற்றுவது என்று அவருக்கு விளக்க எனக்கு அப்போது மொழி போதவில்லை. துணிக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து பஸ்ஸில், நிறுத்தத்தில் கதவு திறந்த நேரத்தில், 15 வயசு இருக்கும், ஒரு பையன் பின்னாலிருந்து கையைப் போட்டான். கொடி அறுந்து பாதி அவன் கையோடு போனது. தாலி என் மடியில் விழுந்தது. நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரியக் கூடாது என்று முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு, இறங்கியதும் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஊர் திரும்பும் வரை மஞ்சள் கயிறுதான். உனக்கு நான் சொன்ன காரணம் வேறு.

திருட்டு எந்த ஊரில் இல்லை என்பாய். சரிதான். நாம் இருந்த 1999, 2000 காலம் சாவோ பாலோவில் கொலைகள் உச்சத்தில் இருந்த காலம். அதற்குப் பிறகு அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போதும் பைக்கில் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், நடைபாதையில் போனை வெளியே எடுக்கவே எடுக்காதே. ஆனால் ரியோவில் என் பயம் வேறு. ஃபியோக்ரூஸ் இருப்பது மாங்கின்யோஸில், அவெனிடா பிரேசில் சாலையோரம். அந்த மூர் பாணி மாளிகை எவ்வளவு அழகோ, அதைச் சுற்றியிருக்கும் ஏழை ஜனங்கள் பாடு அவ்வளவு கஷ்டம். மாரே, மாங்கின்யோஸ் குடியிருப்புகளில் போலீஸ் நுழையும் நாளில் துப்பாக்கிச் சண்டை நடக்கும், பெரிய சாலைகளையே மூடிவிடுவார்கள். நம் எதிர்வீட்டு டீச்சர் இன்னும் எனக்குச் செய்தி அனுப்புகிறார். காலையில் செருப்பைப் போடுவதற்கு முன் ஃபோகு க்ரூசாடு செயலியைத் திறந்து எங்கே சுடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாராம். அதைச் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம் உனக்கும் பழகிவிடும். பழகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

புட்டான்டானுக்கு இப்போது மெட்ரோ வந்துவிட்டது. நாம் இருந்தபோது மஞ்சள் தடமே இல்லை, இரண்டு பஸ் மாறிப் போவோம். இப்போது ஆற்றுக்கு இந்தப் பக்கம் பின்யெய்ரோஸில் வீடு எடுத்தால் ஒரே நிறுத்தம்தான். இல்லையென்றால் நாம் இருந்த விலா மரியானா பார், நீலத் தடம். அங்கே தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூரமாக மலிவாகக் கிடைக்கிறது என்று மட்டும் போகாதே. 1 கோடியே 14 லட்சம் பேர் இருக்கும் ஊர். ஜனவரியிலிருந்து மார்ச் வரை சாயங்காலம் ஒரு மழை கொட்டினால் ஆற்றோரச் சாலைகள் நின்றுவிடும். ஒரு நாள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு 5 மணிக்கு ஏறிய பஸ்ஸில் ராத்திரி 11 வரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா தன் பையிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்து உனக்குப் பாதி கொடுத்தார்.

ஜனங்களைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? ரியோவில் பஸ் நிறுத்தத்திலேயே சிநேகம் ஆகிவிடுவார்கள். வீட்டுக்கு வா, வா என்பார்கள். முகவரி மட்டும் கடைசி வரை வராது. அதில் பொய் இல்லை, அவர்கள் அன்பு சொல்லும் விதம் அது. சாவோ பாலோவில் நம் மூன்றாவது மாடி ஜப்பானியப் பாட்டி ஐந்து மாதம் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு ஜுரம் வந்தபோது, எப்படித் தெரிந்ததோ, காய்கறி சூப்போடு கதவைத் தட்டினார். அன்றிலிருந்து நாம் கிளம்பும் வரை உன் பிறந்தநாள் ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். இத்தாலி, லெபனான், பொலிவியா, வடகிழக்கு வறட்சிச் சீமை என்று. அதனால் நீ யார், ஏன் வந்தாய் என்று யாரும் வெறித்துப் பார்ப்பதில்லை. தனியாக இருக்கப்போகிற பெண்ணுக்கு அது பெரிய நிம்மதி.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் உனக்கு நான் நேர்மையாக இல்லை. 2005 ஆகஸ்டில் அம்மாயி போனபோது நாம் ரியோவில் இருந்தோம். செய்தி வந்து டிக்கெட் தேடி வந்து சேர இரண்டு நாளாகும், அதற்குள் எடுத்துவிடுவார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஃப்ளமெங்கோ பூங்காவில் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். சோளக்கதிர் விற்கும் ஒரு வயசான அம்மா வண்டியை நிறுத்திவிட்டு வந்து என்ன என்று கேட்டாள். அம்மா செத்துப்போனாள், வீடு தூரம் என்று இரண்டே வார்த்தையில் சொன்னேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். தன் அம்மா சொந்த ஊர் பராயிபா மாநிலத்தில் இறந்தபோது தானும் போகவில்லை என்றாள். வெயில் ஏறும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். அந்தக் கடல் இல்லையென்றால் அந்த மாதத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன். அதனால் அப்பா ரியோ என்று சொல்லும்போது என்னால் சண்டை போட முடியவில்லை.

கடல் உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் 430 கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி டியட்டே நிலையத்தில் பஸ் ஏறினால் ஆறு மணி நேரம், விடியும்போது ரியோ. அவசரமென்றால் கொங்கோன்யாஸிலிருந்து விமானம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. இறங்கும்போது வளைகுடா முழுக்க ஜன்னலில் தெரியும், இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்.

எந்த ஊரானாலும் வீடு எடுக்கும்போது ஜாக்கிரதை. வாடகை என்று சொல்லும் தொகைக்கு மேல் கட்டடப் பராமரிப்பும் வீட்டு வரியும் தனியாக வரும், மூன்றையும் கூட்டிக் கேள். சொந்த வீடு உள்ள ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அதற்குப் பதில் முன்பணம் கொடுக்கலாம், சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ரியோவில் நம் முன்பணத்தைச் சுவரில் ஆணி அடித்தோம் என்று சொல்லி வீட்டுக்காரர் திருப்பித் தரவே இல்லை. போன அன்றே ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வை. இறங்கிய 90 நாளுக்குள் போலீஸ் பதிவு முடித்துவிடு. உடம்புக்கு முடியாவிட்டால் அரசு மருத்துவமனைக்குத் தயங்காமல் போ, வெளிநாட்டவருக்கும் காசு வாங்க மாட்டார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்கு 10 நாளாவது முன்னால் போட்டுக்கொள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள். உனக்கே ஊசியைப் பற்றிச் சொல்கிறேன் பார். மிக்ஸி எடுத்துப் போகாதே, இரண்டு ஊரிலும் சாதாரண சாக்கெட்டில் 127 வோல்ட்தான், நம்முடையது சுற்றாது. சின்னக் குக்கர் போதும். அதற்கு நான்கு கேஸ்கட் வாங்கி வைத்திருக்கிறேன், உன் பழைய கம்பளியையும் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. அப்பாவும் பக்கத்தில் இருப்பார், அவர் கட்சியையும் கேள்.

அன்புடன்,
அம்மா