கண்மாயில் எரிக்கும் கருவைத் தழையை எங்கள் புஞ்சைக்குத் தாருங்கள்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வேளாண்மை இணை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் சாயல்குடிப் பகுதியில், கடற்கரைக்குச் சற்று உள்ளே, நான்கு குறுக்கம் (ஏக்கர்) மானாவாரிப் புஞ்சையில் மக்காச்சோளம் விதைக்கிறவன். எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. விதைத்து 55 நாள் வாக்கில் ஆண்பூ வெளிவந்து, கதிரில் நூல் நீளும் அந்த இரண்டு வாரம் வேரடியில் ஈரம் இல்லையென்றால், தட்டை ஆள் உயரம் நின்றாலும் மணி பிடிப்பதில்லை. 1 மி.மீ. மழை ஒரு குறுக்கத்துக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். மழை விட்ட மறுநாளே வெயிலும் கடற்காற்றும் திறந்து கிடக்கும் மண்ணிலிருந்து அதற்கு மேலும் உறிஞ்சிக்கொண்டு போகின்றன.

ஆகவே மூன்று ஆண்டுகளாக ஒரு குறுக்கத்தில் மட்டும் கோடையில் ஆட்டுக்கிடை போட்டு, கண்மாய் வண்டல் அடித்து, பயிர் முழங்கால் உயரம் வந்ததும் வரிசைகளுக்கு இடையே நான்கு விரல் கனத்துக்குத் தழை மூடாக்கு இட்டு வருகிறேன். மழை ஓய்ந்து பதினைந்து நாள் கழித்து மூடாக்கை விலக்கிப் பார்த்தால் அங்கே மண் கையில் பிடிபடுகிறது. பக்கத்து நிலத்தில் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு.

தழைதான் போதவில்லை. மக்காச்சோளத் தட்டை மாடுகளுக்கே போய்விடுகிறது. அதே நேரம் கண்மாய்களில் சீமைக்கருவையை வெட்டிக் கரிமூட்டத்துக்குக் கட்டையை எடுத்த பின், இலையையும் சிறு கிளையையும் அங்கேயே குவித்துக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் நிலத்துக்கான உரம் எரிகிறதே என்று மனம் வேகிறது. கருவை பயறு இனத்து மரமாதலால் அதன் இலையில் தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு. நெற்று கலந்தால் நிலமெல்லாம் கருவை முளைக்கும் என்பதும், பச்சை இலையை விதைப்பு மண்ணில் போட்டால் முளைப்பு குன்றும் என்பதும் உண்மையே. நெற்று நீக்கி, முள்ளோடு அரைத்து, காயவைத்து, பயிர் எழுந்த பிறகு இட்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

ஆகவே, கருவை வெட்டும் ஏலத்தில் தழையை எரிக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்கவும், வாடகை இயந்திர மையங்களின் வழியே தழை அரைக்கும் இயந்திரத்தைக் கண்மாய்க் கரைக்கே அனுப்பவும், பிளாஸ்டிக் நிலப்போர்வைக்குத் தரும் மானியத்தைத் தழை மூடாக்குக்கும் தரவும் வேண்டுகிறேன். புரட்டாசியில் விதைப்பு தொடங்கிவிடும் என்பதால், இயந்திரம் ஆவணிக்குள் வந்தால்தான் இந்த ஆண்டுப் பயிருக்கு உதவும்.

இப்படிக்கு,
கடலாடி வட்டத்து மானாவாரி விவசாயி ஒருவர்