பருவ நிறைவும் சில்லா வனப் பயணமும்: தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

குளிர்கால விடுமுறை தொடங்கும் முன் இப்பருவத்தின் செய்திகளைச் சுருக்கமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். அரையாண்டுத் தேர்வில் அனைத்து வகுப்புகளிலும் தேர்ச்சி நிறைவாக உள்ளது. மண்டலக் கோ-கோ போட்டியில் நம் மாணவியர் இரண்டாமிடம் பெற்றனர். டிசம்பர் 11 அன்று பாரதியார் பிறந்தநாள் விழா நன்கு நடைபெற்றது. பங்கேற்ற அனைவருக்கும் பாராட்டுகள்.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் 42 பேர் இம்மாதம் ஹரித்வாரை அடுத்த ராஜாஜி புலிகள் காப்பகத்தின் சில்லா வனச்சரகத்துக்கு இரண்டு நாள் சென்று வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ராஜாஜி, மோதிச்சூர், சில்லா என்று தனித்தனியாக இருந்த மூன்று சரணாலயங்களை 1983ஆம் ஆண்டு ஒன்றாக இணைத்தபோது சுமார் 820 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா உருவாயிற்று. 2015இல் அது புலிகள் காப்பகமானது. தில்லியில் வளரும் நம் பிள்ளைகள், சிவாலிக் மலையடியில் உள்ள ஒரு காட்டின் நுழைவாயிலில் நம் ராஜாஜியின் பெயரைக் கண்டு அடைந்த வியப்பு எனக்கே புதிதாக இருந்தது. மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் காட்டாறுகளின் நீர் கூழாங்கல் படுகைக்குள் இறங்கிவிடுவதால், இப்பருவத்தில் அவை வெறும் மணற்பாதைகளாகக் கிடக்கின்றன. அங்குள்ளவர்கள் இவற்றை ரௌ என்கிறார்கள். அப்படியொரு ரௌவின் ஈரமணலில் புலியின் காலடித் தடத்தைப் பார்த்தோம். புலி தென்படவில்லை. யானைக் கூட்டம் ஒன்றைப் புல்வெளியின் மறுகோடியில், வண்டியை நிறுத்தி, ஏறத்தாழ இருபது நிமிடம் பார்க்க முடிந்தது.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். முதல் நாள் பிற்பகல், ஜிப்சி வண்டிகளுக்காக வனச்சரக வாயிலில் காத்திருந்தபோது, ஒரு மாணவர் தம் பையிலிருந்து வறுத்த கடலைப் பொட்டலத்தை எடுத்து அங்கிருந்த செம்முகக் குரங்குகளுக்குப் போட்டிருக்கிறார். சில நொடிகளில் பத்துப் பதினைந்து குரங்குகள் சூழ்ந்துகொண்டன. அவற்றுள் ஒன்று அருகிலிருந்த மாணவியின் பையைப் பிடுங்கியபோது அவர் முன்கையில் நகக்கீறல் ஏற்பட்டது. உடன் சென்ற ஆசிரியை அக்காயத்தைப் பதினைந்து நிமிடம் சோப்பு நீரால் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் முதல் தவணை போடப்பட்டது. மாணவி நலமாக இருக்கிறார். மீதித் தவணைகளையும் உரிய நாளில் போட்டுக்கொள்வதை அவர் பெற்றோர் கவனித்து வருகின்றனர். அன்று இரவு அவர்கள் தொலைபேசியில் காட்டிய பொறுமைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பொட்டலம் கொண்டுவந்த மாணவரை யாரும் குறை கூற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வழியில் குரங்குக்குக் கடலையோ வாழைப்பழமோ போட்டால் அனுமனுக்குச் செய்ததாகும் என்று வீட்டுப் பெரியவர்கள் கொடுத்தனுப்பியதாக அவர் சொன்னார். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். என் தாயாரும் அவ்வாறே செய்தவர். ஆனால், புனித யாத்திரை வருவோர் இப்படி அன்றாடம் போட்டுப் பழக்கியதால்தான் அச்சாலையோரக் குரங்குகள் காட்டுக்குள் உணவு தேடாமல் பையைக் கண்டால் பாய்கின்றன என்று வழிகாட்டி எங்களிடம் கூறினார். ஹரித்வாரைச் சுற்றியுள்ள காடுகளில் யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் துண்டுகள் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உப்பும் எண்ணெயும் ஒட்டிய சிப்ஸ் உறையின் வாசனை யானைக்கு உணவாகவே தோன்றும்.

அன்று மாலை ஆசிரியர்கள் பைகளைப் பார்த்தபோது 42 பைகளில் 31இல் தின்பண்டங்கள் இருந்தன. வெளி உணவு எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று சுற்றறிக்கையில் இருமுறை குறிப்பிட்டிருந்தோம். ஒப்புதல் படிவத்தில் அதன் கீழேதான் தாங்கள் கையொப்பமிட்டிருக்கிறீர்கள். முதல் நாள் மதிய உணவு இரண்டு மணி நேரம் தாமதமானது எங்கள் தவறு. பிள்ளை பசியோடு இருக்குமே என்ற தங்கள் கவலையில் நியாயம் உண்டு. எனினும் பெட்டிக்கு அடியில், துணிகளுக்கு நடுவே மறைத்துவைத்த முறுக்குப் பொட்டலம் அந்தக் கவலையால் மட்டும் வந்தது என்று என்னால் எண்ண முடியவில்லை.

ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துள் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் தடை செய்கிறது. அங்கே மாணவர் செய்யும் பிழைக்குப் பள்ளியே பொறுப்பேற்க வேண்டும். எனவே இனி எந்தப் பயணத்திலும் பேருந்து புறப்படும் முன் பெற்றோர் முன்னிலையிலேயே பைகள் சோதிக்கப்படும். உணவுப் பொட்டலம் இருந்தால் அதைத் தாங்களே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். மறுத்தால் அம்மாணவர் பேருந்தில் ஏற்றப்படமாட்டார். கிழிந்த பைக்கும் காணாமற்போன கைக்கடிகாரத்துக்கும் பள்ளி ஈடு தர வேண்டும் என்று வந்த இரு கடிதங்களுக்குத் தனியே பதில் அனுப்பியிருக்கிறேன். மருத்துவக் காரணத்தால் சிறப்பு உணவு தேவைப்படும் மாணவர்களின் பெற்றோர் ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால், அதை ஆசிரியர் பொறுப்பில் எடுத்துச் செல்வோம். மதிய உணவு நேரம் தவறாதபடி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

மறுநாள் காலைப் பயணத்தில் மாணவர்கள் ஒருவர்கூட வாய் திறக்காமல் அமர்ந்திருந்ததை வழிகாட்டியே பாராட்டினார் என்பதையும் தங்களுக்குச் சொல்ல வேண்டும். குளிரில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அத்தனை பேருக்கும் புளியோதரை செய்து கொடுத்த தாய்மார் இருவருக்கும், இரவு பதினொன்றரை மணிவரை பள்ளி வாயிலில் காத்திருந்து பிள்ளைகளை அழைத்துச் சென்ற அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்தப் புளியோதரையைக் காட்டுக்கு வெளியே, ஹரித்வாரிலேயே சாப்பிட்டு முடித்து, இலைகளைத் திரும்பக் கட்டி எடுத்து வந்தோம். உரியவர் தெரியாத இரண்டு கம்பளித் தொப்பிகளும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் அலுவலகத்தில் உள்ளன. விடுமுறைக்குமுன் வந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்