லொட்ஜ் வாசலில் நின்ற பஸ்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். முதலில் வீட்டுக் கதை. மூத்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். எங்கள் ஒழுங்கையில் இருந்த பழைய லொட்ஜை இடித்துத் தொடர்மாடி கட்டுகிறார்கள். உன் அம்மா தங்கியிருந்த அதே லொட்ஜ்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ராஜபக்ச குடும்பம் ஆட்சிக்கு வருவதற்காகப் புலனாய்வுக்காரரே 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடிக்கச் செய்வித்தார்கள், கொழும்பில் இருந்துகொண்டு இது உனக்குத் தெரியாதா என்று கேட்கிறாய். எனக்கும் சந்தேகம் இருக்கிறது மச்சான். ஆனால் சந்தேகம் என்றுதான் சொல்வேன், தெரியும் என்று சொல்லமாட்டேன்.

அரசாங்கத்தின் சொல்லில் எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது 2007 ஜூன் 7 அன்று. விடியும் முன்பே லொட்ஜ் வாசலில் பஸ் வந்து நின்றது. நான் சாரத்தோடு ஓடிப்போனேன். அம்மா ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தலும் மறு கையில் உன் ஸ்பொன்சர் கடிதங்கள் இருந்த பிளாஸ்டிக் பையுமாக நின்றார். செருப்புப் போட விடவில்லை. "தம்பிக்குச் சொல்லிவிடு" என்றார், அவ்வளவுதான். அன்று பொலிசார் கொழும்பு லொட்ஜுகளில் இருந்து 370-க்கும் மேற்பட்ட தமிழரை ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அவர்கள் விரும்பித்தான் போனார்கள் என்று அரசாங்கம் சொன்னது. வெறுங்காலோடு பஸ் ஏறியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போட்டதால்தான் அம்மா திரும்பி வந்தார். அப்புறம் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்சவோ செய்தது சரி என்றே நியாயம் சொன்னார். அவர் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவின் தம்பி. யாருடைய சொல் எடுபடும் என்பது வெள்ளவத்தையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

குடும்ப ஆட்சி நமக்குப் புதிதல்ல. ஐக்கிய தேசியக் கட்சியை மாமன் மருமகன் கட்சி என்று நம் அப்பாமார் காலத்திலேயே சொன்னார்கள். பண்டாரநாயக்க வீட்டில் கணவன், மனைவி, மகள் என்று மூவரும் ஆண்டார்கள். ஆனால் 2010-க்குப் பிறகு ராஜபக்ச வீட்டில் ஜனாதிபதி ஒரு சகோதரர், பாதுகாப்புச் செயலாளர் இன்னொருவர், அமைச்சர் மற்றொருவர், சபாநாயகர் மூத்த அண்ணன். புலனாய்வுக்காரர் தவறு செய்தால் யாரிடம் போய் முறையிடுவது?

ஈஸ்டர் விஷயத்தில் காகிதத்தில் இருப்பதை முதலில் பார். இந்தியப் புலனாய்வின் எச்சரிக்கை 2019 ஏப்ரல் 4 அன்றே வந்துவிட்டது. குண்டு வெடித்தது 21 அன்று. இடையில் 17 நாள். என் மனைவி செவ்வாய் தவறாமல், குண்டு வெடித்த தேவாலயங்களில் ஒன்றான கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவள், உனக்குத் தெரியும். அந்த 17 நாளுக்குள்ளும் செவ்வாய்க்கிழமைகள் வந்தன. அவள் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். ஒருவரும் எச்சரிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், எச்சரிக்கை வந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாவும், பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராக இருந்தவரும் தலா 75 மில்லியனும் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதை யாரும் வதந்தி என்று தள்ளமுடியாது.

நீ சொல்வது 2023 செப்டெம்பரில் பிரித்தானியத் தொலைக்காட்சியான சனல் 4 ஒளிபரப்பிய குற்றச்சாட்டு. பெயர் சொல்லப்பட்டவர்கள் மறுத்துவிட்டார்கள். முழுமையாக விசாரிக்கத்தான் வேண்டும், அதை நானும் கேட்கிறேன். ஆனால் முடிந்த தீர்ப்பையும் முடியாத சந்தேகத்தையும் ஒரே பதிவில் கலந்து அனுப்பாதே. நாளைக்கு அதில் ஒன்று பிழை என்று வந்தால், "எல்லாமே கட்டுக்கதை" என்று அந்த 17 நாளையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள்.

அதோடு, 2019-இல் குண்டு வெடித்த பிறகு வதந்தி என்ன செய்தது என்று இங்கே இருந்து பார்த்தவன் நான். குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் களவாகக் கருத்தடை செய்தார் என்று கதை கிளம்பி, அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆதாரம் இல்லை என்று பிறகு குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. மே மாதத்தில் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. கையில் இருக்கும் ஃபோன் வழியாகப் பரவிய கதைகளும் அந்தக் கோபத்தை மூட்டின.

ஒன்று கேட்கிறேன், செய். அம்மாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். ஒருநாள் பக்கத்தில் இருந்து, கதவு எத்தனை மணிக்குத் தட்டினார்கள், பஸ்ஸில் யார் யார் இருந்தார்கள், எங்கே இறக்கிவிட்டார்கள் என்று கேட்டு அவர் குரலிலேயே பதிவு செய். அந்தப் பதிவை எனக்கு அனுப்பு. லொட்ஜ் முழுதும் இடிபடும் முன் வாசலை நான் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்