நசுங்கிய காலை மூன்று வாரம் கட்டி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

களியக்காவிளை–நாகர்கோவில் சாலையில் டாரஸ் லாரிச் சக்கரத்தில் சிக்கும் காலில் தோல் மட்டும் போவதில்லை. சதையும், முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு துண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன. அந்தக் காலையும் பல நேரம் காப்பாற்றலாம். மறுகாலின் ஃபிபுலாவை (முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமுள்ள மெல்லிய எலும்பு), அதன் மேல்தோலோடும் ஒட்டிய தசையோடும் ஒரே ரத்தக்குழாய்க் காம்பில் எடுத்துப் பொருத்துகிறார்கள். கணுக்காலுக்கு மேல் சுமார் 6 செ.மீ. எலும்பை விட்டுவைப்பதால் கொடுத்த கால் தள்ளாடாது. இரண்டு மி.மீ. குழாயை மைக்ரோஸ்கோப்பின் கீழ் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைப்பது கடினம்தான். ஆனால் பயின்ற கைக்கு அது முடிகிற வேலை. காலைப் பறிப்பது பெரும்பாலும் தாமதம்.

முதலில் பார்க்கும் இடத்தில் தினமும் டிரெஸ்ஸிங் செய்து, "புண் சிவந்து வரட்டும்" என்று இரண்டு மூன்று வாரம் கழித்து எங்களிடம் அனுப்புகிறார்கள். அதற்குள் கிருமி எலும்பில் இறங்கிவிடும். சுற்றியுள்ள குழாய்கள் வீங்கித் தழும்பில் ஒட்டிக்கொள்ளும்; அங்கே இணைத்தால் ரத்தம் உறைந்து அடைத்துவிடும். 72 மணி நேரத்துக்குள் மூடுவது நல்லது, ஒரு வாரத்தைத் தாண்டவே கூடாது.

முதலில் பார்க்கும் மருத்துவமனையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட வேண்டும். செத்த சதையை நீக்கி, பல லிட்டர் சலைனில் கழுவி, எலும்பை அசையாமல் பிடிக்கும் வெளிக்கம்பி பொருத்த வேண்டும். கம்பி குத்தும் இடத்தைப் பிளாஸ்டிக் சர்ஜனிடம் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். தவறான இடத்தில் குத்தினால் பிறகு சதை வைக்க வழியிருக்காது. தோலை இழுத்துத் தைக்காதீர்கள், வீக்கம் ஏறி ஓரம் கறுத்துவிடும்.

வர்ம வைத்தியத்துக்கு நம் மாவட்டத்தில் தனி மரியாதை உண்டு. ஆனாலும் எலும்பு வெளியே தெரியும் காலுக்கு எண்ணெய்த்துணியும் மூங்கில் பத்தை வைத்த இறுக்கக் கட்டும் ஆகவே ஆகாது. உள்ளே அழுத்தம் ஏறி ரத்தம் நின்றால், ஆறு மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு இரவும் மணிக்கொரு முறை பொருத்திய சதையின் நிறத்தையும் சூட்டையும் பார்க்க வேண்டும். அது நீலம் பாய்ந்தால் ரத்தத்தைத் திருப்பி எடுத்துச்செல்லும் சிரை அடைத்திருக்கிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனால் பிழைக்கும்.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இந்த அறுவையோ பெரும்பாலும் மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோதான் நடக்கிறது. எலும்பும் சதையும் சேர்ந்து போன காயங்களுக்கு மட்டுமாவது, காயம் மூடப்படும் நாள்வரை அந்த வரம்பை நீட்டிக்க அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நுண் அறுவை மருத்துவர்கள் சிலர்,
நாகர்கோவில்.